‘சாயர்’: ஒரே தாத்தா, மூன்று குடும்பப் பெயர்கள். எங்கள் பெயர் எங்கிருந்து வந்தது?

கோலிவாடாக்காரன் | ஞாயிறு, காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். நான் சயான் கோலிவாடாவில் பிறந்து வளர்ந்தவன், வயது 47. என் பெயருக்குப் பின்னால் ‘சாயர்’ என்று இருக்கிறது. பெரியப்பாவின் பிள்ளைகள் ‘நாடார்’ என்று எழுதுகிறார்கள். சித்தப்பாவின் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயர். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரே சாலில் (வரிசை அறைகள் கொண்ட பம்பாய்க் குடியிருப்பில்), பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

இத்தனை நாள் இது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இப்போது தாத்தா பகடி, அதாவது வாடகை உரிமைக்கான முன்பணம், கொடுத்து வாங்கிய அந்த அறை இருக்கும் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வாடகைப் புத்தகம் தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசுகள் என்று மூன்று குடும்பமும் போய் நின்றால், “மூன்று ஆட்நாவ் (மராத்தியில் குடும்பப் பெயர்) இருக்கிறதே, நீங்கள் எப்படி ஒரே குடும்பம்?” என்று கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை.

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1944 ஏப்ரல் 14 வெடிவிபத்தில் மசூதி பந்தர் பக்கம் அவர்கள் குடியிருந்த வீடு எரிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியும் அதோடு போயிற்று. 1961-ல் தாத்தா இறந்தார். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் போய்விட்டார். நாங்கள் விடுமுறைக்குப் போன ஊர் பாட்டியின் ஊரான நாசரேத் மட்டும்தான். அங்கே தாத்தாவைக் கேட்டால் “பம்பாய்க்காரர்” என்பார்கள், அவ்வளவே.

வீட்டில் மூன்று கதைகள் உலவுகின்றன. ‘சாயர்’ என்பது ‘சாணார்’ என்ற பழைய சாதிப் பெயரின் சிதைவு என்கிறார் பெரியப்பா மகன். எங்கள் முன்னோரில் ஒருவர் வெள்ளைக்காரர் என்கிறார் அத்தை. தாத்தாவுக்குப் பூனைக்கண் இருந்ததைச் சான்றாகச் சொல்கிறார். சாயர்புரம் என்ற ஊர்ப் பெயராக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் தாத்தா அந்த ஊர்க்காரர் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கையில் இருப்பது அப்பாவின் 1958-ஆம் ஆண்டுப் பள்ளிச் சான்றிதழ். அதில் ஆங்கிலத்தில் ‘சாயர் பி.’ என்று எழுதி, பிறகு அப்பாவின் பெயர் இருக்கிறது. ‘பி’ எதற்கு என்றும் தெரியவில்லை. தாத்தாவின் பெயர் ‘ஞா’வில் தொடங்குவது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

தேரிமணல் | ஞாயிறு, காலை 11.35

தம்பி, நான் மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 31 ஆண்டு ஆசிரியராக இருந்தவன். உங்கள் மூன்று பெயர்களும் எனக்குச் சிறிதும் வியப்பாக இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்தப் பெயர்கள் பிறப்பதை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், ஆட்நாவ். மராத்தியருக்கு இந்த மூன்றும் இயல்பாக அமைகின்றன. நம்மவருக்கு முதல் இரண்டோடு பெயர் முடிந்துவிடுகிறது. மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று எழுத்தர் சொல்வார். பிள்ளையைக் கையில் பிடித்து நிற்கும் தகப்பன் திகைத்துப் போவார். ஒருவர் சாதியைச் சொல்வார். ஒருவர் ஊரைச் சொல்வார். ஒருவர் தம் தகப்பனார் பெயரைச் சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். அடுத்த பிள்ளையைச் சேர்க்க வரும்போது, சென்ற முறை என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. உங்கள் தாத்தா மூன்று மகன்களுக்கும் மூன்று முறை அந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார். மூன்றுமே உண்மையான விடைகள்.

நம் வழக்கில் ஊரைச் சுமந்தது தலைப்பெழுத்து. வ.உ.சி. பிறந்தது ஓட்டப்பிடாரம். ஆனால் ‘வ’ என்பது முன்னோரின் ஊரான வண்டானம், ‘உ’ தகப்பனார் உலகநாதன். குடும்பம் இடம்பெயர்ந்த தடம் அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ‘எம்’ மதுரை, ‘எஸ்’ தாயார் சண்முகவடிவு. இந்த முறையைப் பம்பாய்ப் பதிவேட்டுக்குள் திணிக்கும்போது அது உடைகிறது. உடைந்த துண்டு ஒன்றைத்தான் நீங்கள் பெயருக்குப் பின்னால் சுமக்கிறீர்கள்.

சாயர்புரத்தைப் பற்றியும் சொல்கிறேன், அது என் தாயார் பிறந்த ஊர். பாளையங்கோட்டையில் இருந்த சாமுவேல் சாயர் என்ற வணிகர் 1814 வாக்கில் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு அது. அந்நாளில் கிறித்தவத்தைத் தழுவிய எளிய குடும்பங்கள், பெரும்பாலும் பனையேறிகள், சொந்த ஊரில் இருக்க முடியாத அளவுக்குத் துன்புறுத்தப்பட்டார்கள். அவர்கள் ஒதுங்கி வாழ ஒரு மண் கிடைத்தது. நிலம் கொடுத்தவரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப் 1842-ல் அங்கே வந்து கல்விக்கூடம் நடத்தினார். பனங்காட்டின் நடுவே கிரேக்கமும் இலத்தீனும் படித்த பிள்ளைகள் அந்த ஊரில் இருந்தார்கள்.

உங்கள் ஐயம் சரியாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மாட்டுங்கா நூலகம் | ஞாயிறு, பிற்பகல் 2.20

ஆசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து ஊரைத் தீர்மானித்துவிடக் கூடாது. ‘சாயர்’ என்ற சொல் பழைய வருவாய்த் துறைத் தமிழிலேயே உண்டு. அரபிச் சொல்லிலிருந்து வந்தது. சரக்குகள் மீது வாங்கிய சுங்கத்துக்கு ‘சாயர்’ என்று பெயர். சுங்கச் சாவடியில் வேலை பார்த்த குடும்பத்துக்கு அது அடைமொழியாக ஒட்டியிருக்கலாம் அல்லவா? துறைமுக வேலைக்கு வந்தவர் என்பதும் பொருந்துகிறது. மணியக்காரர், கணக்கர், பட்டாமணியம் என்று பதவிகள் குடும்ப அடையாளமாக நிலைத்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

டோனாவூரான் | ஞாயிறு, மாலை 4.05

என் ஆட்நாவ் ‘டோனாவூர்’. அலுவலகத்தில் முதல் நாள் எல்லாரும் கேட்பது, “நீங்கள் கோவாவா?” என்றுதான். களக்காட்டுக்கு அருகில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு கொடுத்த பணத்தில் 1827-ல் ரேனியஸ் ஐயர் என்ற பாதிரியார் உண்டாக்கிய ஊர் என்பதால் அந்தப் பெயர். அந்தப் பிரபுவுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை, அவர் எங்கள் ஊரைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். பூனைக்கண் எங்கள் வீட்டிலும் இரண்டு பேருக்கு உண்டு.

தாராவி தொண்ணூறடிச் சாலை | ஞாயிறு, இரவு 9.40

இந்த விவாதத்தை மனத்தில் வலியோடு படிக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

எங்கள் பூட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் கொட்டடிக்கு வந்தவர். பம்பாய் ரயில் பாதையும் சென்னை ரயில் பாதையும் 1871-ல் ராய்ச்சூரில் சந்தித்தன. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டில் தாது வருடப் பஞ்சம். நெல்லையிலிருந்து எவ்வளவு பேர் வந்தார்கள், எந்தச் சாதியார் எந்த வேலைக்குப் போனார்கள் என்பதை இங்கே எல்லாரும் அறிவோம். ஊரில் எங்களைப் பெயர் சொல்லி அழைத்ததே குறைவு, சாதி சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதைவிட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்தால், இங்கே பள்ளிக்கூட வாசலில் ‘ஆட்நாவ் என்ன?’ என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குள் என்ன கேட்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஊரில் அதன்படி விட்டவர்கள் உண்டு. ஆனால் அதே சாதியைச் சேர்ந்தவர்கள் இங்கே வந்து, கட்டத்தை நிரப்புவதற்காக அதைப் பெயரில் ஒட்டிக்கொண்டார்கள். மூன்று தலைமுறை ஆன பிறகு அதை எடுக்க மனம் வருவதில்லை. எங்கள் வீட்டில் தகப்பன் பெயரே ஆட்நாவ். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் எங்களுக்கும் உங்களைப் போல் காகிதத் தொல்லை வருகிறது. வரட்டும், படுகிறோம்.

தம்பி, எல்லாரும் ‘நாடார்’ என்று ஒரே மாதிரி மாற்றிக்கொண்டால் வேலை எளிதாக முடியும் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அடைக்கலம் கொடுத்த ஒரு மண்ணின் பெயர் உங்களிடம் இருக்கிறது.

கோலிவாடாக்காரன் | திங்கள், காலை 7.15

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இரவே படித்துவிட்டேன். அந்த யோசனையைச் சொல்லவும் செய்தார்கள். எங்களை அலைக்கழிக்கும் அந்த இடத்திலேயே ஒருவர் சொன்னார். பெரியப்பா மகனும் அதற்குச் சம்மதம் என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அலைந்து களைத்துப் போய்விட்டார்.

மாட்டுங்கா ஐயாவுக்கு ஒரு தகவல். அப்பாவின் சான்றிதழில் ‘சாயர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘டபிள்யூ’ எழுத்து வருகிறது. சித்தப்பாவின் பழைய ரேஷன் அட்டையில் ஒரே ஒரு முறை மராத்தியில் ‘சாயர்பூர்கர்’ என்று எழுதி, அடுத்த அட்டையில் எடுத்திருக்கிறார்கள்.

தேரிமணல் | திங்கள், காலை 10.50

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி!

அந்த ‘டபிள்யூ’ பெரிய சாட்சி. சுங்கத்தைக் குறிக்கும் சாயரை ஆங்கிலத்தில் எழுத அந்த எழுத்து வேண்டியதில்லை. ‘சாணார்’ என்பதில் அது எப்படியும் வராது. காதால் கேட்டு எழுதும் எழுத்தருக்கு அப்படி எழுதத் தோன்றாது. ஊர்ப் பெயரின் ஆங்கில வடிவத்தை அச்சில் பார்த்து எழுதியவர் கையிலிருந்துதான் அது வரும். சாமுவேல் சாயரின் பெயரில் அந்த எழுத்து உண்டு, ஊர்ப் பெயரிலும் இன்றுவரை உண்டு.

பெரியப்பா மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ‘சாணார்’ என்பதை விட்டு ‘நாடார்’ என்று பதியத் தொடங்கிவிட்டார்கள். அதற்காக அந்தச் சமூகம் நெடுங்காலம் போராடியது. 1940-களில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போன ஒரு தகப்பன், தம் மக்கள் உதறித் தள்ளிய பழைய சொல்லைத் தானே தேடி எடுத்துக் கொடுப்பாரா?

ரேஷன் அட்டை விவகாரம் எளிது. மராத்தியில் ஊரோடு ‘கர்’ சேர்த்தால் குடும்பப் பெயர். எழுத்தர் தமக்குத் தெரிந்த இலக்கணப்படி உங்கள் சித்தப்பாவை ஊர்க்காரராக்கியிருக்கிறார். இதுவும் உங்களுக்கு ஆதரவான சான்றுதான்.

மாட்டுங்கா நூலகம் | திங்கள், காலை 11.30

என் கருத்தை விட்டுவிடுகிறேன். ‘டபிள்யூ’ இருக்கும்போது சுங்க வாதம் நிற்காது.

செம்பூர் மருமகள் | திங்கள், பிற்பகல் 3.25

எல்லாரும் ‘சாயர்’ மேலேயே கண்ணாக இருக்கிறீர்கள். தம்பி முதலில் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். சான்றிதழில் ‘சாயர் பி.’ என்று இருக்கிறது, தாத்தாவின் பெயர் ‘ஞா’வில் தொடங்குகிறது. அப்படியானால் அந்த ‘பி’ எது?

‘புரம்’. ஆங்கிலத்தில் புரம் ‘பி’யில்தான் தொடங்கும்.

ஊர்ப் பெயரை யாரோ இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். எழுத்தர் முதல் சொல்லைக் குடும்பப் பெயராகவும், இரண்டாவதைத் தலைப்பெழுத்தாகவும் எடுத்துக்கொண்டார். என் மாமனார் வீட்டில் ‘மேல நத்தம்’ என்ற ஊர் இப்படித்தான் ‘நத்தம் எம்.’ ஆனது. பத்து வருடம் அந்த ‘எம்’ யாரென்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி வேலையைப் பார்ப்போம். உங்கள் குடும்பம் தென்னிந்தியத் திருச்சபை வழி வந்தது என்றால், ஊரிலிருந்து பம்பாய்க்கு வருகிறவர்கள் தங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரத்து) குருவானவரிடம் கடிதம் வாங்கி வந்து இங்குள்ள தமிழ்ச் சபையில் கொடுத்துச் சேர்வது அந்நாள் வழக்கம். உங்கள் தாத்தாவின் பெட்டியில் இருந்தது எரிந்தாலும், சபையில் கொடுத்தது எரிந்திருக்காது. மூன்று மகன்களின் ஞானஸ்நானப் பதிவும் அங்கே இருக்க வேண்டும். அதில் தாய் தகப்பன் பெயர் இருக்கும். மூன்று பதிவுக்கும் குருவானவர் கையெழுத்திட்ட நகல் வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமும், இன்ன பெயரில் பதிவான இவரும் இன்ன ஆட்நாவ் கொண்ட இவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். பெயரை மாற்றி அரசிதழில் வெளியிடுவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது. முதலில் மாற்றிவிட்டால் பழைய காகிதங்களோடு இருக்கும் இணைப்பும் அறுந்துபோகும். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கோலிவாடாக்காரன் | திங்கள், பிற்பகல் 3.50

அக்கா, கை நடுங்குகிறது. நாற்பது வருடமாக அந்தச் சான்றிதழைப் பார்க்கிறேன். புரம்!

பன்வேல் தஞ்சாவூரார் | செவ்வாய், காலை 8.00

இழைக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முன்னோர் 17-ஆம் நூற்றாண்டில் மராத்திய மன்னர் ஏகோஜியோடு தஞ்சாவூருக்கு வந்த மராத்தியர். அங்கே போன பிறகு குடும்பப் பெயர் தேய்ந்து, எல்லாரும் ‘ராவ்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள். வீட்டில் பேசுவது ஒரு வகை மராத்தி, எழுதப் படிக்கத் தமிழ்தான். நான் வேலைக்காக இங்கே வந்தபோது, “ராவ் என்பது மரியாதைச் சொல், உங்கள் உண்மையான ஆட்நாவ் என்ன?” என்று கேட்டார்கள். எந்த மண்ணில் அந்தப் பெயர் பிறந்ததோ அங்கேயே நின்று, தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் நினைவில்லை. உங்களுக்குப் பாதியாவது பெயர் மிஞ்சியிருக்கிறது தம்பி. விடாமல் தேடுங்கள்.

தேரிமணல் | செவ்வாய், காலை 9.15

தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சாயர்புரம் இன்று தூத்துக்குடி மாவட்டம். அந்த மாவட்டம் 1986-ல்தான் பிரிந்தது. பழைய பதிவுகளில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றே இருக்கும். அதைப் பார்த்து வேறு ஊர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கோலிவாடாக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 6.30

கிடைத்துவிட்டது.

இன்று ஆராதனை முடிந்த பிறகு சபைக் குருவானவர் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். நானும் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். நான்கு பதிவேடுகளில் ஓரம் கரையான் தின்றிருந்தது. எங்களுக்கு வேண்டிய பக்கம் தப்பியிருந்தது.

1938-ஆம் ஆண்டுப் பக்கத்தில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. அவருடைய தகப்பனார் பெயர், பாட்டியின் பெயர், தொழில் ‘துறைமுகக் கூலி’. அதற்கு எதிரே, ‘திருநெல்வேலி ஜில்லா, சாயர் புரம் சேகரத்திலிருந்து கடிதத்தோடு வந்தவர்’ என்று எழுதியிருக்கிறது. செம்பூர் அக்கா, சாயர் தனியாக, புரம் தனியாக. அந்த வரி முடிகிற இடத்தில் ‘சாயர்’, அடுத்த வரியில் ‘புரம்’. பதிவேட்டுக்குள்ளேயே ஊரிலிருந்து வந்த கடிதமும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் தலைப்பில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது, ‘டபிள்யூ’வோடு.

1939, 1942, 1947 என்று மூன்று ஞானஸ்நானப் பதிவுகளும் இருக்கின்றன. மூன்றிலும் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், ஊர் சாயர்புரம். ஆட்நாவ் என்ற கட்டமே அந்தப் பதிவேட்டில் இல்லை.

பெரியப்பா மகன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பெரியப்பாவின் பதிவின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எனக்கும் இதுதானே ஊர்” என்றார். பெயரை மாற்றும் பேச்சை அவரே விட்டுவிட்டார். நகல்களுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டோம், வியாழக்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம். அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெள்ளைக்காரர் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் ஓடி வந்தவர்களுக்கு நிலம் கொடுத்த கதையைக் கேட்டதும், அந்த ஐயாவின் முழுப் பெயரை எழுதி அனுப்பச் சொன்னார்.

தாராவி தொண்ணூறடிச் சாலை | ஞாயிறு, இரவு 8.10

நல்லது தம்பி. மனம் நிறைந்திருக்கிறது.

தேரிமணல் | ஞாயிறு, இரவு 8.45

தம்பி, அந்தப் பக்கத்தில் தாத்தாவின் தகப்பனார் பெயர் இருக்கிறது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரைக் கொண்டு சாயர்புரம் சபைப் பதிவேடுகளில் மேலே தேடலாம். பனைத்தொழிலாளியாக இருந்தால் தொழிலும் எழுதியிருப்பார்கள். அதற்கு முன் எந்த ஊரிலிருந்து அங்கே வந்து குடியேறினார்கள் என்பதும் தெரிய வாய்ப்புண்டு. அடுத்த அசன விழாவுக்கு நான் ஊருக்குப் போகிறேன். எல்லாக் குடும்பத்தாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. முதியவர்களும் ஊரில் இருப்பார்கள், உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லிக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. வருகிறீர்களா?

கோலிவாடாக்காரன் | ஞாயிறு, இரவு 9.05

வருகிறேன் ஐயா. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுக்கிறேன். அண்ணனும் சித்தப்பா மகனும் வருகிறார்கள்.